இரண்டரைக் கட்டையிலிருந்து ஒரு கட்டைக்கு

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் கோயில் கொடைகளில் மெல்லிசைக் கச்சேரி கேட்க வருகிறவர்கள் இப்போது இரண்டு கட்சி. கேசட்டில் கேட்ட மாதிரியே இருக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. இந்த வயதிலும் பாடுகிறாரே, அதுவே போதும் என்பது இன்னொரு கட்சி. முதல் கட்சி அறுபது வயதுக்காரரிடம் இருபத்தைந்து வயதைக் கேட்கிறது. இரண்டாவது கட்சி வயதுக்குக் கைதட்டிவிட்டுப் பாட்டைக் கவனிக்காமல் விடுகிறது. இரண்டுமே பாடகருக்குச் செய்யும் அநியாயம்தான்.

அப்படி ஒரு கொடையில் அறுபதைத் தாண்டிய ஒரு பாடகரை ஆரம்பம் முதல் கடைசி வரை உட்கார்ந்து கேட்டேன். எல்லாம் எழுபதுகள், எண்பதுகளின் பாட்டு. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது கல்லூரியில் இருந்தவர்கள்தான் முன்வரிசையில் பேரப்பிள்ளைகளோடு இருந்தார்கள். முதல் பாட்டுக்கு முன் கீபோர்டுக்காரப் பையன் குனிந்து கேட்டான்: "எறக்கிரட்டுமா அண்ணாச்சி?" "மூணு எறக்குடே. பழைய எடத்துல போய் முட்டிக்கிட்டு நிக்க வேண்டாம்." ட்ரான்ஸ்போஸ் பட்டனை மூன்று தடவை தட்டினான், இரண்டரைக் கட்டைப் பாட்டு ஒரு கட்டைக்கு வந்துவிட்டது. கீபோர்டுக்கு அவ்வளவுதான் வேலை. கிடார்காரர்தான் பாவம், கை பழகிய கார்டுகளையெல்லாம் வேறு இடத்தில் பிடிக்க வேண்டியிருந்தது.

பலன் சரணத்தில் தெரிந்தது. உச்சிக்குப் போகும் இடத்தில் கழுத்து நரம்பு புடைக்கவில்லை. சொல் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்தது. வயதாக ஆக ஒரே மூச்சில் வெளிவிடக்கூடிய காற்று குறையும், குரல்நாண்களின் நெகிழ்வும் குறையும். இளமையில் ஒரே மூச்சில் போன அடியை அவர் இரண்டாகப் பிரித்தார், ஆனால் பொருள் எங்கே நிற்கிறதோ அங்கேதான் மூச்சு வாங்கினார். சங்கதிகளை முதல் தடவை தொடவே இல்லை. பல்லவி திரும்பி வரும்போது மட்டும் ஒன்றிரண்டு. கிரிக்கெட்டிலும் இப்படித்தான்: இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 2024-இல் டெஸ்ட் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபோது வயது 41, டெஸ்ட் விக்கெட் 704. வேகத்தை மட்டும் நம்பியிருந்தால் அவ்வளவு தூரம் வந்திருக்க முடியாது. பந்தை எங்கே விழவைப்பது என்ற கணக்கில்தான் கடைசிப் பத்தாண்டையும் ஆடினார். அந்தக் கணக்கு இந்த மேடையிலும் இருந்தது.

சறுக்கியது டூயட்டில். மூன்று இறக்கியது அவருக்குச் சரி. கூடப் பாடிய இளம்பெண்ணுக்கு அது பாதாளம். அந்தப் பெண்ணின் அடி வரும்போதெல்லாம் குரல் காற்றாகப் போனது. இடையிசையில் சுருதி மாற்றிக்கொடுக்கலாம், தேர்ந்த குழுக்கள் செய்வதுண்டு. இல்லையென்றால் டூயட்களைக் குறைத்துக்கொண்டிருக்கலாம்.

நள்ளிரவில் 'சுராங்கனி' எடுத்தார். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அது வெறும் குத்துப்பாட்டு அல்ல. எழுபதுகளில் தாமிரபரணிக் கரையில் இலங்கை வானொலி உள்ளூர் நிலையம் மாதிரி தெளிவாகக் கேட்கும். அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது குரல்களோடு ஏ.ஈ. மனோகரனின் பாப் பாட்டும் கடல் தாண்டி வந்தது. கிடாரும் இலங்கையின் பைலா தாளமும் தமிழில் இப்படிச் சேரும் என்று எங்கள் ஊருக்குக் காட்டியவர் அவர். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவர் பாட்டோடு வாலிபம் கழித்தவர்கள் இங்கே முழங்கால் வலியோடு எழுந்து ஆடினார்கள். பைலாவில் சொற்கள் விரைந்து விழும், மூச்சு வாங்க இடமே இருக்காது. நம் பாடகர் டிரம்மரை வேகம் குறைக்கச் சொல்லாமல் பல்லவியைக் கூட்டத்திடம் விட்டுவிட்டு, சரணத்துக்கு மூச்சை மிச்சம் பிடித்தார். அன்று கேட்டதில் மிக நுட்பமான காரியம் அதுதான் என்பேன்.

மேடைக் கச்சேரி என்றால் ஏ.எம். ராஜாவை இந்த மாவட்டம் மறக்கக் கூடாது. 'கல்யாண பரிசு' (1959) படத்துக்கு இசையமைத்துப் பாடியவர். படவுலகம் கைவிட்ட பிறகு மனைவியும் பாடகியுமான ஜிக்கியோடு ஊர் ஊராக மேடையேறினார். 1989 ஏப்ரலில் அப்படி ஒரு கச்சேரிக்குப் போகும் வழியில்தான் வள்ளியூர் ரயில் நிலையத்தில் விபத்தில் இறந்தார். கத்திப் பாடாத குரல் அது. அவர் பாட்டுகள் வயதானவர் வாயில் இன்றும் பழுதாகாமல் நிற்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

வயதுக்கேற்பக் குரலை இறக்கியதற்கு வெளிநாட்டுச் சான்று வேண்டுமென்றால் கனடாப் பாடகி ஜோனி மிட்செலைக் கேளுங்கள். 1969-இல் மெல்லிய உச்சக் குரலில் பாடிய 'போத் சைட்ஸ் நவ்' பாட்டை 2000-இல், 56 வயதில், பழைய ஜாஸ் பாட்டுகளின் தொகுப்பு ஒன்றில் பெரிய ஆர்க்கெஸ்ட்ராவோடு வெளியிட்டார். சுருதி கீழே, வேகமும் குறைவு, குரலில் கரகரப்பு. இருபதுகளில் அவர் ஊகித்துப் பாடியதை ஐம்பதுகளில் தெரிந்து பாடுகிறார் என்று தோன்றும்.

கொடைக் கமிட்டிகளுக்கு ஒரு வார்த்தை. செலவு குறையும் என்று இப்போது பல ஊர்களில் டிராக் போட்டுப் பாட வைக்கிறார்கள். பதிவான டிராக்கை இறக்கினால் கருவிகளின் ஒலி மங்கிப்போகும்; பாடகர் மூச்சு வாங்க நின்றால் அது நிற்காது. வயதான பாடகரை அழைக்கிறீர்கள் என்றால் கீபோர்டு, கிடார், தபலா, டிரம்ஸ் நான்குக்காவது ஆள் போடுங்கள். வாணவேடிக்கையில் ஒரு பங்கு குறைத்தால் போதும், அந்தப் பணம் வந்துவிடும்.