பட்டியலை எழுதுவது யார்?

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள எங்கள் தாயில்பட்டிப் பக்கம் வெடிச் சத்தம் கேட்டால், புகை எந்தத் திசையில் எழுகிறது என்றுதான் முதலில் பார்ப்போம். 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்துப் பட்டாசு ஆலை வெடித்தது. அதே ஆண்டு ஜூனில் எங்கள் ஊரிலேயே, பட்டாசு செய்துவந்த ஒரு வீடு வெடித்தது. இப்படியான விபத்துகளுக்குப் பின் அரிசியும் பருப்பும் எப்படியாவது வந்துசேர்ந்துவிடும். வராதது பெயர். உள்குத்தகைக்கு விட்ட ஆலையில் கூலி வேலை பார்த்தவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. ஒருமுறை நிவாரணப் பை கொடுத்த இடத்தில், வரிசையை விட்டுத் தள்ளி நின்ற ஒரு அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "செத்தது எங்க வீட்டுக்காரரு. ஆனா பேரு எதுலயும் இல்லங்காக தம்பி. இருக்கவுகளுக்குக் குடுத்துட்டு மிச்சம் இருந்தாப் பாப்பாகளாம்" என்றார்.

போர் நடக்கும் இடத்தில் ஒரு முஸ்லிம் தொண்டு நிறுவனம் எப்படி உதவி செய்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அக்காதான் நினைவுக்கு வருகிறார். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் மூதூரில் 2006இல் நடந்ததை அவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும்.

அந்த ஆண்டு ஜூலையில் விடுதலைப் புலிகள் மாவிலாறு மதகை மூடினார்கள். அதில் மூண்ட சண்டை ஆகஸ்ட் தொடக்கத்தில் மூதூருக்குள் வந்தது. முஸ்லிம்களும் தமிழர்களும் அடுத்தடுத்து வாழும் ஊர் அது. ஒருபக்கம் புலிகள், மறுபக்கம் ராணுவத்தின் எறிகணைகள். பல்லாயிரம் முஸ்லிம்கள் கந்தளாயை நோக்கி ஓடினார்கள். சுற்றுப்புறத் தமிழர்கள் வாகரை வழியாக மட்டக்களப்புப் பக்கம் போனார்கள். அதே நாட்களில், மூதூரில் இயங்கிய பிரெஞ்சுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை அவர்களைக் காக்கவில்லை.

இந்தச் சூழலில்தான் முஸ்லிம் எய்ட் அங்கே வேலை செய்தது. 1985இல் லண்டனில் தொடங்கி, 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் வேரூன்றிய அமைப்பு இது. அதற்குத் துணையாக நின்றது அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையுடைய நிவாரண அமைப்பான அம்கோர். முஸ்லிம் அமைப்பும் கிறிஸ்தவ அமைப்பும் பொருளையும் ஆட்களையும் பகிர்ந்துகொண்டன. முஸ்லிம் எய்ட் பள்ளிவாசல் தலைவர்களிடம் பேசியது. அம்கோர் மெதடிஸ்ட் போதகர் மூலம் மற்ற சமயத் தலைவர்களிடம் பேசியது. ஆத்திரத்தில் இருந்த ஊர்களுக்குள் நிவாரண வண்டிகள் போக அந்தப் பேச்சு உதவியது. 2007இல் இந்த உறவு முறையான ஒப்பந்தமாகவும் ஆனது.

இந்த முறையின் முதல் பலம் வேகம். கொழும்பிலிருந்து குழு வந்து கணக்கெடுக்கும் முன்பே, எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் படுத்த படுக்கை என்பது பள்ளிவாசல் நிர்வாகியான மரைக்காருக்குத் தெரியும். இரண்டாவது, கேட்காமலே புரிந்துகொள்வது. தொழுகைக்கு முன் ஒளு செய்யத் தண்ணீர், பெண்கள் குளிக்க மறைப்பு, இறந்தவரை முறைப்படி அடக்கம் செய்ய வெள்ளைத் துணி. இவை பொதுவான நிவாரணக் கையேட்டில் பின்பக்கத்தில் வருபவை. ஆனால் எல்லாம் இழந்து வந்தவருக்கு மானத்தைத் திருப்பித் தருபவை இவைதான். மூன்றாவது, நிதி. ரமலானில் கொடுக்கும் கடமையான ஜகாத்தும் விருப்ப தானமான ஸதகாவும் எந்த அரசின் கையெழுத்துக்கும் காத்திருப்பதில்லை.

இனிக் குறைகள். மேலே சொன்ன பலங்களின் மறுபக்கமாகவே அவை இருக்கின்றன என்பதுதான் சிக்கல்.

மரைக்காருக்குத் தெரிந்தவர் பட்டியலில் வருவார். தெரியாதவர்? பள்ளிவாசல் ஜமாஅத்தில் சந்தா கட்டாதவர், வேறு ஊரிலிருந்து வந்து வாடகைக்கு இருந்தவர், கணவன் விட்டுப்போன பெண் ஆகியோருக்கு அந்தப் பட்டியலில் குரல் கிடையாது. வாகரைப் பக்கம் போன தமிழருக்கோ பள்ளிவாசல் வழி என்ற ஒன்றே இல்லை. யாரையும் ஒதுக்க வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை. உதவி தெரிந்த வழியில் போகும், அவ்வளவுதான். இனத்தின் பேரால் நடக்கும் போரில் அந்த வழியும் இனக்கோட்டின் மேலேயே ஓடுகிறது. தேவை ஒன்றை மட்டும் பார்த்து, இன மத பேதமின்றி உதவ வேண்டும் என்கிறது செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் வகுத்த நடத்தை நெறி. நெறியை ஏற்பது எளிது. வண்டி எந்தத் திருப்பத்தில் திரும்புகிறது என்பதில்தான் சோதனை.

நிதிக்கும் ஒரு முடிச்சு உண்டு. ஜகாத் முஸ்லிம் ஏழைகளுக்கு உரியது என்பது மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் கருத்து. ஸதகாவுக்கு அந்தக் கட்டில்லை. ஆகவே எல்லோருக்கும் உதவ நினைக்கும் அமைப்பு இரண்டு உண்டியல் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. போதாததற்கு, பணம் ரமலானிலும் பக்ரீத் குர்பானியிலும் பெருகி மற்ற மாதங்களில் வற்றுகிறது. எறிகணை பிறை பார்த்து விழுவதில்லை.

அடுத்தது நீண்ட காலம். 1990 அக்டோபரில் வடக்கிலிருந்து புலிகள் முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேரமே கெடு. புத்தளத்து மக்களும் பள்ளிவாசல்களும் அவர்களை வாரி அணைத்தார்கள். ஆனால் கிடுகுக் குடிசைகள் ஆண்டுக் கணக்கில் நின்றன. நிலமும் வேலையும் தண்ணீரும் போட்டிக்கு வந்தபோது, ஒரே மதத்தாருக்குள்ளேயே 'அகதி' என்ற சொல் ஏச்சாக மாறியது. ஈமான் என்னும் இறைநம்பிக்கை முதல் வாரத்துச் சோற்றைப் போடும். இருபது ஆண்டுகளுக்கான நிலப் பட்டாவை அரசுதான் தர வேண்டும்.

வெளியிலிருந்து வரும் சந்தேகம் தனிக் கதை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் முஸ்லிம் அறநிறுவனங்களின் வங்கிப் பரிமாற்றங்கள் பூதக்கண்ணாடியில் பார்க்கப்படுகின்றன. அதில் அநியாயம் நிறைய. ஆனால் எல்லாக் கேள்வியையும் காழ்ப்பு என்று தள்ளிவிட முடியாது. 2016இல் பிரிட்டனின் அறநிறுவன ஆணையம், நிர்வாகத்திலும் நிதிக் கட்டுப்பாட்டிலும் குறை கண்டு முஸ்லிம் எய்டுக்கே இடைக்கால மேலாளரை நியமித்தது. கொடுப்பவர் நம்பிக்கையில் கொடுக்கிறார் என்பதாலேயே கணக்கு இன்னும் இறுக்கமாக இருக்க வேண்டும்.

அப்படியானால் மதச் சார்பற்ற நிறுவனங்களே போதுமா? கொல்லப்பட்ட அந்த 17 பேரின் நிறுவனம் அப்படிப்பட்டதுதான். மத முகம் இல்லாதிருப்பது பாதுகாப்பு என்ற எண்ணத்தை மூதூர் உடைத்தது. அங்கே முஸ்லிம் எய்டும் அம்கோரும் தத்தம் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு முகங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. முஸ்லிம் கொண்டுவந்ததை இந்துவுக்கும் கிறிஸ்தவருக்கும் கொடுக்கும்போது இன்னொருவர் உடனிருக்கிறார். அவரே சாட்சி, அவரே தணிக்கையாளர். இந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. சமயத் தலைவர்களை வழியாகக் கொண்டால், அவர்களுக்குப் பிடிக்காதவர்கள் மறுபடியும் வெளியே நிற்பார்கள். பெண்கள் அந்தப் பேச்சு மேசையில் உட்காருவது அரிது.

நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஒன்று. தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகத்தின் (தமுமுக) ஆம்புலன்ஸ் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரிடம் பெயர் கேட்பதில்லை. கொரோனாக் காலத்தில் சொந்தக்காரரே தொடத் தயங்கிய உடல்களை, எந்த மதத்தாருடையது என்று பாராமல், முஸ்லிம் இளைஞர்கள் அடக்கம் செய்தார்கள். அங்கே பாரபட்சம் என்ற பேச்சு எழாததற்கு அவர்களின் நல்ல மனம் மட்டும் காரணமில்லை. ஆம்புலன்சுக்குப் பட்டியல் தேவையில்லை. தண்ணீர்த் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் தேவையில்லை. அரிசிப் பைக்குத்தான் தேவை. போர்முனைக்குப் போகும் எந்த அறநிறுவனமும் பட்டியல் கேட்காத உதவியை முதலில் இறக்க வேண்டும். பை கொடுத்தே ஆக வேண்டுமென்றால், பட்டியலைப் பள்ளிவாசல் எழுதட்டும், தவறில்லை. எழுதியதை எல்லோர் காதிலும் விழும்படி வாசிக்க வேண்டும். யார் பெயர் விட்டுப்போனது என்று அடுத்த தெருக்காரர், அடுத்த மதத்துக்காரர், முக்கியமாகப் பெண்கள் சொல்வதற்கு ஒரு நாள் விட வேண்டும்.

அன்று அந்த அக்கா நின்ற இடத்தில் யாரும் எதையும் வாசிக்கவில்லை. தாள் ஒருவர் கையிலேயே மடிந்து இருந்தது. பைகள் தீர்ந்ததும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அவர் வண்டியேறிவிட்டார்.