தட்டினால் விட வேண்டும்

2016 ஜனவரியில் வெளியான ‘இறுதிச்சுற்று’ படத்தைக் கடைசியாக நான் பார்த்தது சிவகாசியில், தீப்பெட்டி ஆபீஸுக்கும் வெடி ஆபீஸுக்கும் போகிற பெண்களோடு. மதி எதிராளியை வீழ்த்தியதும் எல்லோரும் கை தட்டினார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்: “இதுல கீழ விழுந்தா சண்டை முடிஞ்சிருது. நமக்கு அங்கனதானக்கா ஆரம்பிக்கும்?”

குத்துச்சண்டையில் விழுந்தவளை அடிக்கக் கூடாது. நடுவர் எண்ணத் தொடங்குவார். மிக்ஸ்டு மார்ஷியல் ஆர்ட்ஸில் அப்படியில்லை; குத்தும் உதையும் தரைக்கு வந்ததும் பிடிச்சண்டையாக மாறும். மதியாக நடித்த ரித்திகா சிங் ‘சூப்பர் ஃபைட் லீக்’ என்ற அந்த வகைப் போட்டியில் மோதியவர். அவர் உடம்புக்குத் தெரிந்த வித்தையில் பாதிதான் திரைக்கு வந்தது. மீதிப் பாதி இந்தப் பெண்களுக்கு இன்னும் பொருந்தியிருக்கும்.

‘ஆர்ம்பார்’ என்ற பிடியைப் பாருங்கள். மல்லாந்து கிடப்பவள், மேலே இருப்பவரின் ஒரு கையைத் தன் தொடைகளுக்கு நடுவே சிறைவைத்து, மணிக்கட்டை மார்போடு அணைத்து, இடுப்பைத் தூக்குகிறாள். ஒரு முழங்கை மூட்டுக்கு எதிராக அவளுடைய கால், இடுப்பு, முதுகு எல்லாம் சேர்கின்றன. 2013 பிப்ரவரியில் யுஎஃப்சியின் முதல் பெண்கள் போட்டியில் லிஸ் கார்மூஷ் முதுகில் ஏறிக் கழுத்தை நெரித்தபோது ரோண்டா ரௌஸி தோற்றுவிடுவார் போலிருந்தது. தப்பி வந்து முதல் சுற்றிலேயே இந்தப் பிடியால் வென்றார். 2021 டிசம்பரில் மல்யுத்தக் குடும்பத்தில் பிறந்த ரிது போகட்டை, முய் தாய் அடிச்சண்டையில் வளர்ந்த தாய்லாந்தின் ஸ்டாம்ப் ஃபேர்டெக்ஸ் வீழ்த்தியதும் இதே பிடியில்தான். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பின் வலி தெரியும். அதன் பலத்தை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஆனால் இந்தப் பிடிகளை ‘நடைமுறைத் தற்காப்பு’ என்று விற்கும்போது ஒன்றை மறைக்கிறார்கள். பிடியில் சிக்கியவர் கையால் தட்டினால் உடனே விட வேண்டும். பயிற்சிக்கூடத்தின் முதல் பாடமே அதுதான். பின்னாலிருந்து போடும் கழுத்துப்பிடி மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்துச் சில நொடிகளில் நினைவிழக்கச் செய்யும். அதை ஒருத்தி துணிந்து பழக முடிவது, தட்டினால் விடுவார்கள் என்ற நம்பிக்கையில். அவளுடைய ‘போதும்’ அங்கே சட்டம். வீட்டில், ஆலை வேனில், கூலி கொடுக்கும் மேஜைக்கு முன்னால் அது சட்டமில்லை. கூலியைப் பிடித்து வைத்திருக்கும் கையை எந்த ஆர்ம்பாரும் திருப்பாது.

இங்கேதான் படத்தோடு எனக்குச் சண்டை. அதன் கதை ஒரு பொய்ப் புகாரில் தொடங்குகிறது: பயிற்சியாளர் பிரபுமீது பாலியல் குற்றச்சாட்டு சுமத்தி அவரைச் சென்னைக்கு மாற்றுகிறார்கள். உண்மையாகவே மதியைச் சீண்டும் அதிகாரிக்கோ கடைசியில் கிடைப்பது ஒரு குத்து. புகார் என்றால் சதி, நியாயம் என்றால் முஷ்டி. தியேட்டரில் விசில் பறக்கும். 2023 ஜனவரியில் சாக்ஷி மாலிக்கும் வினேஷ் போகட்டும் மல்யுத்தக் கூட்டமைப்புத் தலைவர்மீது குற்றம் சாட்டி டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் வென்றவர், இன்னொருவர் உலகப் போட்டியில். எல்லாப் பிடியும் தெரிந்த அந்தப் பெண்கள் யாரையும் குத்தவில்லை; தங்கள் புகாரைக் கேட்கச் சொன்னார்கள்.

2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும். பத்துப் பேருக்கும் குறைவான இடத்துப் பெண்கள் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். அன்று படம் பார்த்தவர்களிடம் இதைச் சொன்னபோது, கேள்வி கேட்டவள் மறுபடி கேட்டாள்: “அந்தக் குழு விருதுநகர்ல எங்கக்கா இருக்கு? ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்ல.”

எனக்கு இடுப்புப் பிடியும் தெரிய வேண்டும், அந்த அலுவலகத்தின் வாசலும் தெரிய வேண்டும். ‘இறுதிச்சுற்று’ முதலாவதில் பாதியைக் காட்டுகிறது; இரண்டாவதைப் பொய் என்கிறது.