கைசுத்தம் யாருக்கு?

நேர்மைக்குத் தமிழில் இன்னொரு பேர் கைசுத்தம். சுத்தம் என்ற சொல் போகிற இடமெல்லாம் தீட்டும் பின்னாலேயே போகும். கொங்கு நாட்டில் தோப்பில் நாலு தேங்காய் குறைந்தாலும், கிணத்து மோட்டார் ஒயர் காணாமல் போனாலும், பண்ணாடி முதலில் ஆள் அனுப்புவது அருந்ததியர் வளவுக்குத்தான். 'அதுகளுக்குக் கைசுத்தம் பத்தாதுங்க' என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், சாட்சி கேட்பாரில்லை. ஊரின் சாக்கடையையும் மலத்தையும் அள்ளின கைகள் அவை. ஒரே சொல் நம் உழைப்பை அழுக்காக்குகிறது, நம் வாக்கையும் பொய்யாக்குகிறது.

யார் பொய் சொல்வார், யார் எதை நியாயம் என்று நினைக்கிறார், ஆண் இப்படி பெண் அப்படி என்கிற முன்முடிவு எப்படி வேலை செய்கிறது என்பதையெல்லாம் சோதனை வைத்து அளக்கிற துறை சமூக உளவியல். இப்போது பொருளியல் ஆய்வாளர்களும் அதே வேலையைச் செய்கிறார்கள். அந்த ஆய்வுகளில் ஒன்றிரண்டு நம் கருத்தரங்குகளிலும் பயிற்சி முகாம்களிலும் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகின்றன. சொல்லப்படுகிற விதம் நமக்கே எதிராகத் திரும்புகிறது என்பதுதான் என் வாதம்.

அதிகம் சொல்லப்படுவது கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப்பிரதேசக் கிராமங்களில் செய்த சோதனை. 2004-ல் உலக வங்கியின் ஆய்வறிக்கையாகவும், 2006-ல் அமெரிக்கப் பொருளியல் இதழ் ஒன்றிலும் வெளிவந்தது. மேல்சாதிச் சிறுவர்கள் 321 பேர், தலித் சிறுவர்கள் 321 பேர். நுழைந்து வெளியேற வழி கண்டுபிடிக்கிற காகிதப் புதிர்களைக் கொடுத்தார்கள். போட்டு முடித்த புதிருக்குத் தகுந்த காசு. சாதியைச் சொல்லாமல் உட்கார வைத்தபோது இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. பிறகு பேர், ஊர், அப்பன் பேர், பாட்டன் பேர், சாதி எல்லாவற்றையும் சபையில் வாசித்துவிட்டு அதே புதிர்களைக் கொடுத்தார்கள். தலித் சிறுவர்கள் போட்டு முடித்த புதிர்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோயின.

இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டு நம்மாட்கள் ஒரு பாடம் நடத்துவார்கள். 'பாருங்க தோழர், நம்ம பிள்ளைகளுக்குத் தாழ்வு மனப்பான்மை. தன்னம்பிக்கை இல்லை. அதை ஊட்டணும்.' உடனே தொண்டு நிறுவனக்காரர் ஆளுமை வளர்ச்சி முகாம் போடுவார், கை தட்டச் சொல்வார், கண்ணாடி பார்த்து 'என்னால் முடியும்' என்று சொல்லச் சொல்வார். ஆக, கோளாறு பிள்ளையின் மண்டைக்குள் இருக்கிறதாம். வளவுக்கு ஆள் அனுப்புகிற பண்ணாடியும் இதே திசையில்தானே கை நீட்டுகிறார்?

அந்த ஆய்வைத் தொடர்ந்து படித்தவர்களுக்கு வேறொன்று கிடைக்கும். காசு யாருக்கு என்பதில் குலுக்கல் சீட்டை நுழைத்ததும் அந்த இடைவெளி மறைந்துவிட்டது. சாதி தெரிந்தேதான் இருந்தது, ஆனால் சீட்டுக்குச் சாதி கிடையாது. தன்னம்பிக்கைக் குறைவு காரணமில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். சாதி வெளியே தெரிந்துவிட்டால் உழைப்புக்கு உரிய கூலி வராது என்று அந்தச் சிறுவர்கள் எதிர்பார்த்தார்கள், அவ்வளவுதான். இதைத் தாழ்வு மனப்பான்மை என்று சொல்லலாமா? தலைமுறை தலைமுறையாகக் கூலி ஏமாந்தவன் வீட்டுப் பிள்ளைக்கு வந்த கணக்கு இது. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

வளவில் சாயங்கால வகுப்பு எடுக்கும்போது ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: 'ஏனுங்க்கா, பேப்பரு யாரு திருத்துவாங்க?' பாடத்தில் சந்தேகம் கேட்கவில்லை, திருத்துகிறவர் யாரென்று கேட்டது. பொதுத்தேர்வில் விடைத்தாளில் பேரை மறைத்துத்தான் திருத்தக் கொடுக்கிறார்கள் என்று சொன்னேன். 'அப்போ பிராக்டிகலுக்கு?' என்றது. செய்முறைத் தேர்வில் முகத்தைப் பார்த்துத்தான் மார்க் போடுகிறார்கள். எந்தப் பல்கலைக்கழகமும் சொல்லித்தராமலே ஹாஃபும் பாண்டேயும் கண்டுபிடித்ததை அந்தப் பிள்ளை கண்டுபிடித்து வைத்திருந்தது.

திருத்துகிற கையையும் அளந்திருக்கிறார்கள். ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், பரிசுத் தேர்வு ஒன்றின் விடைத்தாள்களின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று எழுதப்பட்ட தாளுக்கு மார்க் சற்றே குறைந்தது. அதில் நமக்குக் கசக்கிற சேதியும் உண்டு. அப்படிக் குறைத்தவர்கள் பெரும்பாலும் கீழ்ச்சாதி ஆசிரியர்களே. இதை மறைக்க வேண்டியதில்லை. ஒடுக்குகிறவனின் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் நம்மில் பலர் நாற்காலிக்குப் போகிறோம். நம்மாள் உட்கார்ந்துவிட்டாலே நியாயம் வந்துவிடும் என்று இருந்துவிடாமல், தாளில் பேரே தெரியாத ஏற்பாட்டைக் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

இனி என் முக்கியமான புகார். அந்த 642 பேரும் சிறுவர்கள். தலித் சிறுமி எங்கே? பெண் பற்றிய முன்முடிவை அளக்கிறவர்கள் பெரும்பாலும் கல்லூரிப் பெண்ணை அளக்கிறார்கள், சாதியை அளக்கிறவர்கள் பையனை அளக்கிறார்கள். இரண்டும் ஒரே உடம்பில் இறங்குகிற இடம் கணக்கிலேயே வருவதில்லை. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்புத் தலித் சிறுமி, மாதவிலக்கு என்பதால் வகுப்புக்கு வெளியே படிக்கட்டில் உட்கார வைக்கப்பட்டுத் தேர்வு எழுதினாள். அந்தத் தேர்வில் அவள் ஒரு மார்க் குறைந்திருந்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பல ஆண்டுகள் நடத்திய 'சுமங்கலித் திட்டம்' ஒரு பெரிய சோதனைக்கூடம் மாதிரிதான். வயதுக்கு வந்த ஏழைப் பெண்கள், அவர்களில் பெரும்பகுதி தலித்துகள், மூன்று வருஷம் விடுதியில் அடைபட்டு வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ கல்யாணத்துக்குக் கிடைக்கும் என்றார்கள். பொம்பளைப் பிள்ளை எதிர்த்துப் பேசாது, சங்கம் சேராது, அதற்குக் கல்யாணம்தான் கனவு. இந்த முன்முடிவுகளை வைத்துத்தான் கூலி நிர்ணயமானது. முதலாளி பரிசு மாதிரிக் காட்டிய அந்தத் தொகை, மாசாமாசம் அவளுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த அவளுடைய கூலி. நோய் வந்து இடையில் கிளம்பினால் அதுவும் போச்சு. 2011-ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு இதை அறிக்கையாக்கிய பிறகுதான் வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் காதில் விழுந்தது. இந்த விஷயத்தில் முதலாளிகளின் கைசுத்தம் பற்றி ஊரில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

கடைசியாக ஒரு கதை. படிவத்தின் அடியில் போடுகிற கையெழுத்தை மேலே போடச் சொன்னால் மனிதர்கள் குறைவாகப் பொய் சொல்வார்கள் என்று 2012-ல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. ஐந்து பேர் எழுதியது. அரசாங்கங்களே அதை நம்பிச் சோதித்துப் பார்த்தன. அதிலிருந்த கார் இன்சூரன்ஸ் கணக்கு புனையப்பட்டது என்று தெரிந்து 2021-ல் ஆய்வைத் திரும்பப் பெற்றார்கள். நேர்மை பற்றிய ஆய்விலேயே பொய்க்கணக்கு! அதற்காக அமெரிக்கப் பேராசிரியர் இனத்துக்கே கைசுத்தம் பத்தாது என்று யாராவது சொன்னார்களா? சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. நம் வளவுக்கும் அதே நியாயம் வேண்டும் என்கிறேன்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆய்வுகளைத் தூக்கி எறிய வேண்டாம், கடைசிப் பக்கம் வரைக்கும் படியுங்கள். யாரை அளந்தார்கள், யாரை விட்டார்கள், காசையும் மார்க்கையும் கொடுத்தது யார் என்று கேளுங்கள். ஆய்வுப் பட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் மில்லுக்குப் போய்வந்த பெண்களிடம் சொன்ன தொகை எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். கைசுத்தம் பற்றி அப்புறம் பேசலாம்.