நான்கு பெரும்போட்டிகளும் தொலைக்காட்சி நேயரும்

கிரிக்கெட்டிலோ டென்னிஸிலோ ஆடுகளம் ஒன்று, பந்து ஒன்று. காமிரா எங்கே நின்றாலும் காண வேண்டியதை நேயர் கண்டுவிடுகிறார். கோல்ஃபின் இயல்பு வேறு. பிரிட்டிஷ் ஓப்பனின் முதல் இரண்டு நாட்களில் 156 பேர், பதினெட்டுக் குழிகளில் பரவி, ஒரே வேளையில் வெவ்வேறு திசைகளில் பந்தை அடித்துக்கொண்டிருக்க, அவற்றுள் எதைக் காட்டுவது, எதை விடுவது, எதைப் பத்து நிமிஷம் கழித்து நேரலை போலவே காட்டுவது என்பதையெல்லாம் ஒளிபரப்பு இயக்குநரே தீர்மானிக்கிறார். ஆகவே இந்த ஆட்டத்தின் ஒளிபரப்பை வெறும் பிரதிபிம்பம் என்று கொள்ளாமல், ஆட்டத்தின் மீது எழுதப்படும் ஒரு வியாக்கியானம் என்றே கொள்ள வேண்டும். அந்த வியாக்கியானத்தை மதிப்பிட எனக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றுதான்: ஆட்டக்காரர் பந்தை அடிப்பதற்கு முன்பே, அவர் முன் நிற்கும் சங்கடம் இன்னதென்று நேயருக்கு விளங்கியிருக்கிறதா?

இந்த அளவுகோலில் மாஸ்டர்ஸ் போட்டிக்கு வாய்த்திருக்கும் அனுகூலம் பெரிது. 1934 முதல் ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நேஷனல் மைதானத்தில் மட்டுமே அது நடைபெறுகிறது. மற்ற மூன்று பெரும்போட்டிகளும் (அமெரிக்க ஓப்பன், பிஜிஏ சாம்பியன்ஷிப், பிரிட்டிஷ் ஓப்பன்) ஆண்டுதோறும் இடம் மாறுகின்றன. ஊர்த்தேர் எந்த முடுக்கில் திணறும், எங்கே முட்டுக்கட்டை போட வேண்டும் என்பதை அவ்வூர்ச் சிறுவனும் அறிந்திருப்பதைப் போல, சில ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தவருக்கு அகஸ்டாவின் பிற்பாதி முழுவதும் மனப்பாடமாகிவிடுகிறது. பன்னிரண்டாம் குழியை எடுத்துக்கொள்ளுங்கள். 155 கஜமே உள்ள சிறிய குழி. குழியைச் சூழ்ந்த வழுவழுப்பான புல்தரையான கிரீனுக்கு முன்னால் ரேஸ் கிரீக் என்னும் ஓடை. மரங்களுக்கு மேலே எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாத காற்று. 2016-ஆம் ஆண்டு ஜோர்டன் ஸ்பீத், முற்பாதி முடிவில் ஐந்து அடி முன்னிலை பெற்றிருந்தவர், பத்திலும் பதினொன்றிலும் சற்றே சறுக்கியபின் அங்கே வந்து நின்றபோது, விமர்சகர் எச்சரிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதற்பந்து கரையில் விழுந்து ஓடைக்குள் உருண்டது; விதிப்படி மாற்றுப்பந்தை வைத்து அடித்ததும் தண்ணீரிலேயே வீழ்ந்தது; மூன்றில் முடிய வேண்டிய குழிக்கு ஏழு அடிகள் ஆயின. விளக்கம் ஏதுமின்றி நேயர் பதறிய அந்தப் பதற்றம், முந்தைய பல ஆண்டுகளின் ஞாபகம் திரண்டு எழுந்ததாகும்.

இதற்குச் சமமான மற்றொரு சிறப்பு விளம்பரக் கட்டுப்பாடு. 1956 முதல் அமெரிக்காவில் ஸிபிஎஸ் நிறுவனம் தொடர்ந்து மாஸ்டர்ஸை ஒளிபரப்பி வந்தபோதிலும், அகஸ்டா கிளப் அந்நிறுவனத்தோடு ஓராண்டு ஒப்பந்தமே செய்துகொண்டு, மணிக்கு ஏறத்தாழ நான்கு நிமிஷத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று நிர்ப்பந்தித்து வந்திருக்கிறது. கிடைக்கக்கூடிய பெருந்தொகையில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாக நேயரின் கவனத்தைக் காப்பாற்றும் இந்த முடிவை நான் மனமாரப் போற்றுகிறேன்.

ஆனால் அதே பிடி பேச்சின் மீதும் விழுகிறது. 1966-இல், ஜாக் விட்டேக்கர் என்ற விமர்சகர் கிரீனைச் சூழ்ந்த ஜனத்திரளைக் கும்பல் என்று குறிப்பிட்டதற்காகச் சில ஆண்டுகள் விலக்கிவைக்கப்பட்டார். 1994-இல் கிரீன்களின் வழுவழுப்பைக் குறித்து கேரி மக்கார்ட் சொன்ன விரசமான உவமை அவருடைய இடத்தையே பறித்தது. உவமையின் தரத்தை நான் ஆதரிக்கவில்லை. எனினும் எஜமானர் முகம் கோணாதபடி பேச வேண்டும் என்ற கட்டுப்பாடு வந்த இடத்தில் விமர்சனம் உபசாரமாகத் தேய்ந்துவிடும். 2012 வரை பெண்களை அங்கத்தினராகச் சேர்க்காத ஒரு கிளப்பைப் பற்றி, வாரம் முழுவதும் பூக்களையும் மரங்களையும் மட்டுமே புகழ்ந்து பேசிய ஒளிபரப்பை முழுமையானது என்று எப்படிச் சொல்வது? இன்னொரு குறை காமிராவுடையது. பத்தாம் குழியின் சரிவு நூறு அடிக்கும் மேற்பட்டது என்பர். திரையில் அது மெல்லிய இறக்கமாகவே தெரிகிறது. எந்த நிலத்தை நாம் நன்கறிந்ததாக நம்புகிறோமோ, அதன் மேடுபள்ளத்தைத் தொலைக்காட்சி தட்டையாக்கியே நமக்குக் கொடுத்திருக்கிறது.

அமெரிக்க ஓப்பனின் நோக்கமே கடுமை. ஆட்டக்காரர் துன்புறுவதில் ஒரு நாடகம் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. 2024-இல் பைன்ஹர்ஸ்டில் ரோரி மக்கில்ராய் கடைசிக் குழியில் குழிக்குள் பந்தை உருட்டும், நான்கடித் தூரத்துக்கும் குறைவான பட் ஒன்றைத் தவறவிட்டுக் கணக்கு அறையில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, பிரைசன் டிஷாம்போ ஐம்பத்தைந்து கஜ தூரத்து மணற்குழியிலிருந்து பந்தைக் குழியருகே கொண்டுவந்து சேர்த்தார். இரண்டையும் மாறி மாறிக் காட்டிய அந்தச் சில நிமிஷங்கள், மைதானத்திலேயே இருந்தவர்களுக்கும் கிட்டாத அனுபவம். தொலைக்காட்சியின் தனிச்சக்தி அங்கே பிரத்தியட்சமாயிற்று. ஆயினும் கடுமை அளவு மீறும்போது நேயர் காண்பது திறமையையன்று, அநீதியையே. 2004-இல் ஷின்னகாக் ஹில்ஸின் ஏழாவது கிரீன் காய்ந்து இறுகி, ஒரு கோஷ்டிக்கும் அடுத்த கோஷ்டிக்கும் இடையே தண்ணீர் தெளிக்க நேர்ந்தது. 2015-இல் சேம்பர்ஸ் பேயின் கிரீன்கள் திட்டுத்திட்டாகப் பழுத்துக் கிடந்தன. இவற்றோடு விளம்பரப் பெருக்கும் சேர்ந்துகொள்கிறது. முன்னணியாளர் பட்டியலில் மூவர் நெருங்கி நிற்கும் தறுவாயில் படத்தைப் பறித்துக்கொண்டு மோட்டார் வண்டிகளையும் காப்பீட்டையும் காட்டுவது, கதையின் நடுவே ஏட்டைக் கிழிப்பதற்கு ஒப்பானதே.

பிஜிஏ சாம்பியன்ஷிப்பைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. ஆட்டக்காரர் தரத்தில் அது எதற்கும் குறைந்ததன்று. ஆகஸ்டிலிருந்து 2019-இல் மே மாதத்துக்கு மாறிய பின்பும், தனக்கென்று ஒரு முகம் மட்டும் அதற்கு அமையவில்லை. ஒரு விஷயத்தில் மாத்திரம் அது மற்றவற்றை விஞ்சுகிறது: கிளப்புகளில் பயிற்சி கொடுத்துப் பிழைக்கும் இருபது பேருக்கு அங்கே இடம் உண்டு. 2023-இல் ஓக் ஹில்லில் மைக்கேல் பிளாக் என்ற பயிற்சியாளர் கடைசி நாளில் பதினைந்தாம் குழியை ஒரே அடியில் முடித்து, பதினைந்தாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டபோது, அந்தப் போட்டியின் உண்மையான முகம் எதுவாக இருக்கலாம் என்பது தெரிந்தது. ஒளிபரப்பாளர் இத்தகைய பயிற்சியாளர்களை வாரம் முழுவதும் பின்தொடராமல், அதிசயம் நேர்ந்தால் மட்டும் திரும்பிப் பார்ப்பது வருந்தத்தக்கது.

1860-இல் பிரெஸ்ட்விக்கில் தொடங்கிய பிரிட்டிஷ் ஓப்பனுக்கு வருவோம். கடற்கரை மணல்மேட்டு மைதானங்கள் முதற்பார்வைக்குக் கவர்ச்சியற்றவை. அகஸ்டாவின் பசுமைக்குப் பழகிய கண்ணுக்கு அவை வறண்ட மேய்ச்சல் நிலமாகவே தோன்றும். பாதாளக் கேணி போன்ற மணற்குழிகள் காமிராவுக்குத் தெரிவதில்லை. பந்து மறைந்த பிறகே அங்கே பள்ளம் இருந்ததென்று அறிகிறோம். காற்று அடங்கிவிட்டால் மைதானமும் பலமிழக்கும். 2022-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் கேமரன் ஸ்மித் பாருக்கு (நிர்ணயித்த அடிக் கணக்குக்கு) இருபது குறைவாக முடித்தார். காலையில் ஆடியவர் மழையில் நனைய, மாலையில் ஆடியவர் வெயிலில் உலாவுவதும் உண்டு. இத்தனை குறைகளையும் ஒப்புக்கொண்ட பின்பும் ஓப்பனையே நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

பந்து தரையில் விழுந்ததோடு அங்கே ஆட்டம் முடிவதில்லை என்பதே காரணம். அமெரிக்க மைதானங்களில் பந்து வானத்தில் பறந்து, விழுந்த இடத்திலேயே பெரும்பாலும் அடங்குகிறது. பறக்கும் பந்தைத் திரை காட்டினாலும், பின்னணி வெறும் ஆகாயமாதலால் கண்ணுக்கு அதில் செய்தி குறைவு. கடற்கரை மைதானத்திலோ இறுகிய தரையில் பந்து உருண்டு, மேட்டில் தயங்கி, சரிவில் திரும்பி, சில வேளைகளில் அரை நிமிஷமளவு நம்மைக் காக்கவைக்கிறது. அந்த ஓட்டத்தில் நிலத்தின் வளைவு முழுவதும் வரைந்து காட்டப்பட்டுவிடுகிறது. 2009-இல் டர்ன்பெரியில் ஐம்பத்தொன்பது வயதான டாம் வாட்சன், கடைசிக் குழியை நான்கில் முடித்தால் வெற்றி என்ற நிலையில் எட்டாம் எண் மட்டையால் அடித்தார். பந்து நேராகச் சென்று கிரீனில் விழுந்தது. விழுந்த பின் நிற்கவில்லை. உருண்டு பின்புறப் புல்லுக்குப் போய்விட்டது. அங்கிருந்து குழியை மிஞ்சி ஓடியது ஒரு பட். எஞ்சிய எட்டடியை அவர் தவறவிட்டார். நான்கு குழித் தீர்ப்பாட்டத்தில் ஸ்டூவர்ட் சிங்க் வென்றார். குறை சொல்ல முடியாத ஓர் அடி தோல்விக்கு வித்திட்டது எப்படி என்று அன்று பார்த்த யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. நான்கு நாட்களாகப் பந்துகள் அந்தத் தரையில் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து, மேலும் சற்று ஓடும் என்பதை அவர்களுடைய கண்ணே கற்றிருந்தது.

பிரிட்டனின் நெடிய கோடைப் பகலும் இதற்குத் துணைசெய்கிறது. காலை ஆறரை மணியளவில் முதற்பந்து. இரவு ஒன்பதை நெருங்கியும் வெளிச்சம். அவசரமில்லாத அந்த நிதானத்தில் விமர்சகர் மௌனமாக இருக்கவும் கற்கிறார். விமர்சகர் பீட்டர் அலிஸ் அந்த மௌனத்தின் ஆசானாக இருந்தார். நம் நாட்டவருக்கு மற்றொரு வசதி, இறுதிநாள் ஆட்டம் நள்ளிரவுக்கு முன்பே முடிந்துவிடுவது; அமெரிக்கப் போட்டிகளின் முடிவுக்காக விடியற்காலை வரை விழித்திருக்க வேண்டும். பிபிஸி 1955 முதல் விளம்பரமின்றி வழங்கி வந்த நேரடி ஒளிபரப்பு 2015-உடன் நின்று, 2016 முதல் சந்தா செலுத்துவோருக்கு மட்டுமே உரிய ஸ்கை நிறுவனத்துக்குப் போனதை மட்டும் நான் நஷ்டமாகவே கருதுகிறேன்; காசு கொடுக்க முடியாத சிறுவன் இந்த ஆட்டத்தைத் தற்செயலாகக் கண்டு வியக்கும் வாய்ப்பு அன்றோடு குறுகிவிட்டது.

ஓப்பன் முதல், பேச்சுச் சுதந்திரம் குறைந்ததாயினும் மாஸ்டர்ஸ் இரண்டாவது, மற்ற இரண்டும் வெகுதூரம் பின்னே. அவற்றை நடத்தும் சங்கத்தார் அடுத்த முறை ஒளிபரப்பு உரிமையை விற்கும்போது, மணிக்கு நான்கு நிமிஷம் என்ற அகஸ்டாவின் ஒரே ஒரு நிபந்தனையை மட்டுமாவது ஒப்பந்தத்தில் எழுதிச் சேர்க்க வேண்டும்.