இற்செறிப்பும் ஆலை விடுதியும்

திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலுக்கு நூல் தரும் நூற்பாலைகள் பலவற்றில் இளம்பெண்கள் விடுதியில் தங்கிப் பணிபுரிவர். அவர்கள் தனியே வெளிச்செல்ல இயலாதவாறு வாயில் அடைக்கப்படும் வழக்கம் நெடுநாளாக உண்டு. மகளிரைக் காத்தல் நம் மரபு என்று அதற்குக் காரணம் காட்டுவர். மரபு எனின், அகப்பாட்டின் இற்செறிப்பே முதற்கண் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றுதாமா என ஈண்டு ஆராய்வோம்.

சுமங்கலித் திட்டம் எனப் பெயர் பெற்ற முறையைப் பற்றி நெதர்லாந்து நாட்டுச் சோமோ நிறுவனமும் அந்நாட்டு இந்தியக் குழுவும் 2011-இல் ஓர் அறிக்கை வெளியிட்டன. பெரும்பாலும் மூன்றாண்டு ஒப்பந்தம். முடிவில் மணச்செலவுக்கென மொத்தத் தொகை. இடையில் விலகினார் பலர் அத்தொகையை இழந்தனர். கடைக்குச் செல்வதாயினும் காப்பாளர் உடன்வரல் வேண்டும். பெற்றோரைக் காண்பதும் தொலைபேசியில் பேசுவதும் அளவுக்கு உட்பட்டன. சுமங்கலி என்பது கணவனோடு வாழ்பவளைக் குறிக்கும் சொல். மணமாகாத தொழிலாளிக்கு அதனைச் சூட்டியது பொருந்தாப் பெயரீடு. 1961-ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கும் நாட்டில் அப்பெயர் எங்ஙனம் கூசாது வழங்கிற்று என வியக்கின்றோம்.

குறிஞ்சிப் பாடல்களை நோக்குவோம். தலைவி தினைப்புனம் காக்கிறாள், கிளி ஓட்டுகிறாள், தோழியரோடு சுனையாடுகிறாள். அவளுடைய வேலை வெளியில் நடக்கின்றது. தினை கொய்தபின், வேலை முடிந்த நிலையிலேயே, பல பாடல்களில் அவள் மனைக்கண் செறிக்கப்படுகிறாள். ஆலையிலோ வேலைக்குச் சேரும் நாளே அடைப்பும் தொடங்குகின்றது. தாய் அஞ்சியது அலருக்கு. ஆலையின் தேவை, அடுத்த முறைவேலைக்கு ஆள் தவறாமை. முன்னது குடும்பத்தின் அச்சம், பின்னது உற்பத்தியின் ஒழுங்கு. இவ்வேறுபாட்டை மறைத்து இரண்டிற்கும் ஒரே மரபைக் காட்டுதல் இலக்கியத்திற்குச் செய்யும் பிழையாகும்.

மேலும், இற்செறிப்பைப் புலவர் எவர் வாய்மொழியாகப் பாடினர் என்பது கருதத்தக்கது. பெரும்பாலும் தோழியும் தலைவியுமே பேசுவர். பேச்சும் காவலின் கொடுமை பற்றியதே. நற்றாயும் செவிலியும் விரிவாகப் பேசுவது மகள் உடன்போக்கில் சென்றபின். அது காவலின் பெருமையன்று, இரங்கலே. வள்ளுவரும் சிறைவைத்துக் காக்கும் காவலின் பயனை ஐயுற்றே வினவினார்.

காவல் என்னும் சொல் காத்தலையும் தடுத்தலையும் ஒருங்கே குறிப்பது. இவ்விரட்டைப் பொருள் தமிழுக்கு மட்டும் உரியதன்று. மேற்குக் கரைப் பாலத்தீனர் இசுரேலில் வேலைக்குச் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். சோதனைச் சாவடியில் காத்து நிற்றலும் வேண்டும். அங்கும் பாதுகாப்பு என்பதே காரணமாகச் சொல்லப்படுகின்றது. அங்குத் தடுப்பது அரசு. இங்கோ, நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசியலமைப்பின் 19-ஆம் உறுப்பு குடிமக்களுக்கு வழங்கியிருக்க, தடுப்பது ஒரு மதிற்கதவு.

அகப்பாட்டில் தலைவிக்காகப் பேசத் தோழி இருந்தாள். அறத்தொடு நின்று செவிலிக்கு உண்மை உரைத்தாள். விடுதியில் தோழியும் உள்ளேயே இருக்கின்றாள். அவள் வெளியே வரவும் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும்.