பாதி வீடும் முழுக் கேள்வியும்

நாலு வருஷத்துக்கு முன்னால் ஊரில் வீடு கட்டினோம். ஆர்க்கிடெக்ட் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. எத்தனை பெட்ரூம், பட்ஜெட் எவ்வளவு, வாஸ்து பார்க்கணுமா, முகப்பு எப்படி வேணும். பெங்களூரில் இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவில் நான்தான் அதை நிரப்பி அனுப்பினேன். பத்து நாளில் த்ரீடி படம் வந்தது. பால்கனியில் கண்ணாடித் தடுப்பு, வாசலில் புல்தரை, எங்களுடையது அல்லாத ஒரு வெள்ளை கார். அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "நல்லாருக்குப்பா" என்றாள். அதை நான் அப்ரூவல் என்று எடுத்துக்கொண்டேன்.

குடிபோன பிறகுதான் தெரிந்தது, சமையலறையில் கிரைண்டர் வைக்க இடமில்லை. இன்றைக்கும் அது மாடிப்படிக்கு அடியில்தான் இருக்கிறது. அம்மா தலை இடிக்காமல் குனிந்து மாவு ஆட்டுகிறாள்.

"ஏம்மா, முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"யாரு கேட்டா?"

மென்பொருள் வேலையில் முதல் வருஷமே சொல்லித்தருவார்கள்: பணம் கொடுக்கிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு. மற்றவர்களுக்கு இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சொந்த வீட்டில் மறந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வோடுதான், கல்லூரி நாட்களிலிருந்து எனக்குப் பிடித்த ஒரு கட்டடத்தை மறுபடி பார்க்கத் தொடங்கினேன்.

சிலி நாட்டின் வடக்கில், அட்டகாமா பாலைவனம் கடலைத் தொடும் இடத்தில் இகீக்கே என்ற நகரம் இருக்கிறது. அதன் மையத்தில் அரை ஹெக்டேர் நிலத்தில் சுமார் 100 குடும்பங்கள் முப்பது வருஷமாகப் பட்டா இல்லாமல் வாழ்ந்துவந்தன. அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பாமல் அதே இடத்தில் குடியமர்த்தும் வேலையை அரசு அலெஹாந்த்ரோ அரவேனாவின் எலமென்டல் நிறுவனத்திடம் கொடுத்தது. குடும்பத்துக்கு 7,500 டாலர் மானியம். நிலம், குழாய், சாக்கடை, வீடு எல்லாம் அதற்குள் முடியவேண்டும். கின்டா மொன்ரோய் என்ற அந்தக் குடியிருப்பு 2004இல் கட்டி முடிந்தது. அரவேனாவுக்கு 2016இல் பிரிட்ஸ்கர் விருது கிடைத்தபோது எல்லோரும் பேசியது இதைப்பற்றித்தான்.

பணம் கொடுப்பது அரசு. குடியிருக்கப்போவது வேறு யாரோ. அரவேனா உட்கார்ந்து பேசியது குடியிருக்கப்போகிறவர்களோடு. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, அவர் "என்ன வேணும்?" என்று மட்டும் கேட்கவில்லை. கணக்கை அவர்கள் முன்னால் வைத்தார். தனித்தனி வீடாகக் கட்டினால் இந்த நிலத்தில் 30 குடும்பங்கள்தான் தங்கலாம். வரிசை வீடு என்றால் 60. எல்லோரும் வேண்டுமென்றால் உயரமாகத்தான் போகவேண்டும். அடுக்குமாடி என்ற பேச்சை எடுத்தாலே உண்ணாவிரதம் இருப்போம் என்று மக்கள் மிரட்டியதாக அரவேனாவே சொல்கிறார். அடுக்குமாடியில் நாளைக்கு ஓர் அறையை இழுத்துக் கட்ட முடியாதே!

அந்த "முடியாது"விலிருந்துதான் பாதி வீடு வந்தது. இருக்கிற பணத்தில் 40 சதுர மீட்டர்தான் கட்ட முடியும் என்றால், அதை ஏன் குட்டி வீடாகப் பார்க்கவேண்டும்? ஒரு நல்ல வீட்டின் பாதியாகப் பார்க்கலாமே. அப்படியானால் எந்தப் பாதியை நிறுவனம் கட்டுவது? குடும்பங்களால் தனியாகச் செய்ய முடியாத பாதியை: தாங்கும் சுவர்கள், படிக்கட்டு, சமையலறை, குளியலறை. பக்கத்திலேயே அதே அளவு வெற்றிடம். அதை அவரவர் வசதிப்படி நிரப்பிக்கொள்ளலாம்.

அரவேனா இன்னொன்றும் சொல்வார். பணம் ஒன்றுக்குத்தான் போதும். வெந்நீர் ஹீட்டரா, குளியல் தொட்டியா? வெளியாள் யாராக இருந்தாலும் ஹீட்டர் என்றுதான் சொல்வார்கள். குடும்பங்கள் தொட்டியைக் கேட்டன. புது வீட்டுக்கு வந்த கையோடு கேஸ் பில் கட்ட அவர்களிடம் காசு இருக்காது. அதனால் ஹீட்டர் வெறுமனே தொங்கும். எங்கள் கிரைண்டர் மாதிரி, இதுவும் எந்தப் படிவத்திலும் ஏறாத தகவல்.

இதுவரை எனக்கு மறுப்பில்லை. இதற்குமேல்தான் உறுத்துகிறது.

மீதிப் பாதியைக் கட்டுவது யார்? பகலெல்லாம் கூலி வேலை செய்துவிட்டு வருகிறவர்தான். சிமெண்ட் வாங்கும் காசும் ஞாயிற்றுக்கிழமைகளும் அவருடையவை. "மக்கள் பங்கேற்பு" என்று நாம் கொண்டாடுவதில் ஒரு பகுதி, அரசு கொடுக்காமல் விட்ட பணம். ஐ.டி.யில் நாங்கள் "ஃபேஸ் டூவில் பார்த்துக்கலாம்" என்போமே, அதன் வாசனை இதில் அடிக்கிறது. ஆனாலும் நேர்மையாக ஒன்றைச் சொல்லவேண்டும். அதே பணத்தில் சாத்தியமான மற்ற வழி, ஊருக்கு வெளியே வேலைக்கும் பள்ளிக்கும் எட்டாத ஒரு முழு வீடு. நானாக இருந்தாலும் பாதியைத்தான் எடுத்திருப்பேன்.

இரண்டாவது உறுத்தல் இன்னும் பெரியது. உண்ணாவிரதக் கதையும் தொட்டிக் கதையும் எனக்கு வந்து சேர்ந்தது அரவேனா வாய்வழியாகத்தான். அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று "முடியாது" என்றவர் யார்? அவர் பெயர் எனக்குத் தெரியாது. கட்டடக்கலை விமர்சனம் கட்டியவரைப் பேசவிட்டு, குடியிருப்பவரைப் படத்தில் மட்டும் நிறுத்துகிறது. நானும் பத்து வருஷம் அப்படித்தான் வாசித்தேன்.

விருது வந்த வருஷம் எலமென்டல் தன்னுடைய நான்கு குடியிருப்புத் திட்டங்களின் வரைபடங்களை இணையத்தில் இலவசமாக விட்டது. எங்கள் பாஷையில், ஓப்பன் சோர்ஸ். பெரிய மனசுதான். ஆனால் அதில் கிடைப்பது கோடுகள். மக்களோடு பேசிப் பேசிச் சண்டை போட்ட மாதங்கள் அந்த ஃபைலில் இல்லை. அவற்றை அந்தந்த ஊரில் புதிதாகத்தான் நடத்தவேண்டும்.

எங்கள் வீட்டு மாடியில் இப்போது ஓர் அறை எடுக்கப்போகிறோம். புது ஆர்க்கிடெக்ட் வழக்கம்போலப் படிவம் அனுப்பினார். இந்த முறை நிரப்பவில்லை. "சார், ஒரு நாள் காலைல ஆறு மணிக்கு வீட்டுக்கு வாங்க, அம்மா வேலை செய்யறதப் பாருங்க" என்றேன். வருகிறேன் என்றிருக்கிறார். அன்றைக்கு நானும் லீவு போட்டிருக்கிறேன். நானும் அதை இதுவரை பார்த்ததில்லை.