பொன்னகரமும் முக்கால் ரூபாயும்

கதையொன்றில் உவமை எத்தனை, உருவகம் எத்தனை என்று எண்ணிச் சொல்லுதலே இலக்கிய ஆராய்ச்சி என்று நம்மிற் பலர் பள்ளிக்கூடங்களிற் பயின்றிருக்கிறோம். அணியின் பெயரைச் சொன்ன அளவில் ஆராய்ச்சி முடிந்துவிடாது. அவ்வணி கதையில் என்ன வேலை செய்கிறது, அதனை நீக்கினால் எது கெடும் என்று கேட்டறிதலே முறையாகும். இதற்குப் புதுமைப்பித்தன் (1906–1948) எழுதி, 1934-ஆம் ஆண்டில் ‘மணிக்கொடி’யில் வெளிவந்த ‘பொன்னகரம்’ என்னும் சிறுகதையை எடுத்துக்கொள்வோம்.

கதை மிகச் சிறிது. அம்மாளு ஆலையில் வேலை செய்பவள். அவள் கணவன் முருகேசன் ஜட்கா வண்டிக்காரன். குடித்துவிட்டு வண்டியோட்டி, அடிபட்டுப் படுத்துவிடுகிறான். அவனுக்குப் பால் கஞ்சி வேண்டும், வீட்டிலோ காசில்லை, ஆலைச் சம்பளமும் கைக்கு வரவில்லை. இரவில் தண்ணீருக்குச் சென்ற அம்மாளு, இருண்ட சந்தில் ஒருவனோடு மறைகிறாள். முக்கால் ரூபாய் கிடைக்கிறது.

முதலாவது, தலைப்பு. சாக்கடையும் சேறும் நிறைந்த சந்துகளுக்குப் பொன்னகரம் என்று பெயர். இது வஞ்சப்புகழ்ச்சி. அப்பெயரை நீக்கி ‘ஏழைச் சேரி’ என்று வைத்துப் பாருங்கள். இரக்கம் மிஞ்சும், சுடுதல் போய்விடும்.

இரண்டாவது, சொல்லாது விடுதல். சந்தில் நடந்ததை ஆசிரியர் விவரித்தாரில்லை. அவள் அழுதாளா, அஞ்சினாளா என்றும் கூறினாரில்லை. தொகையை மட்டும் சொல்லி நிறுத்துகிறார். செக்ரோல் எழுதும் என் போன்றோருக்கு இது நன்கு விளங்கும்: கணக்குப் புத்தகத்தில் தொகைதான் விழும், அதன் பின்னே நின்ற உடலுக்கு அங்கே இடமில்லை.

மூன்றாவது, முரண். கணவன் பசி தீர்த்தல் கற்புடையாள் கடமை என்று காலமெல்லாம் போதித்து வந்தோம். அம்மாளு அக்கடமையை நிறைவேற்றுகிறாள். நிறைவேற்றிய வழியோ கற்பை இழந்த வழி. இரண்டும் ஒரே செயலில் வந்து பொருந்துகின்றன. கதையின் உயிர்நிலை இதுவே.

இறுதியில் ஆசிரியர் கதையை விட்டுத் திரும்பி, கற்பைப் பற்றி வாய் ஓயாது பேசுவோரை நேர்முகமாக விளிக்கிறார். இது பிரசங்கம், கலையன்று என்று சிலர் குறை கூறுவர். நான் அவ்வாறு கருதவில்லை. அதுவரை அம்மாளுவின் மீது தீர்ப்புக் கூறக் காத்திருந்த வாசகன், அவ்விடத்தில் தானே கூண்டில் நிற்கக் காண்கிறான். ஆசிரியர் அவளைப் புகழவுமில்லை, மன்னிக்கவுமில்லை; கேள்வியை மட்டும் இடம் மாற்றி வைத்தார்.

தோட்டத்து லயத்திலும் பட்டணத்துச் சந்திலும் ஒரு பெண்ணைப் பற்றி நரம்பில்லா நாவாற் பேசுதல் நமக்கு எளிது. பேசுமுன் அவள் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று நம்மைக் கேட்கச் செய்கிறது இக்கதை. இதில் அமைந்த உத்திகளின் பயன் அதுவேயன்றி வேறன்று.